கிருஷ்ணகிரி மாங்கூழும் வெப்பத்தின் கணக்கும்

வேப்பனப்பள்ளி கிருஷ்ணகிரி நகருக்கு வடக்கே, தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் அடுத்தடுத்து வரும் எல்லையோரத்தில் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து வரும் மார்க்கண்டேய நதி இந்த வட்டாரத்தின் வழியாக ஓடித் தென்பெண்ணையில் சேர்கிறது. மேற்கே ஓசூர் பக்கம் போனால் மோட்டார் வாகனமும் உதிரிபாகமும்தான் தொழில். கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், வேப்பனப்பள்ளி பக்கம் மேட்டு நிலமெல்லாம் மாந்தோப்பு. போச்சம்பள்ளியை அடுத்த சந்தூரில் ஒட்டு மாங்கன்று உற்பத்தியே ஊர்த்தொழில். ஏப்ரல் முதல் ஜூலை வரை இங்கே காய் பறிப்பு, மண்டி, லாரி, மாங்கூழ் தொழிற்சாலை என்று எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும். அந்த ஓட்டத்தின் வேகத்தை வெப்பநிலைதான் பெரிதும் தீர்மானிக்கிறது. பறித்த காய் எத்தனை நாளில் பழுக்கும், கூழை எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும், டின்னில் அடைத்தது எவ்வளவு காலம் நிறம் மாறாமல் இருக்கும் என்ற மூன்று கேள்விக்கும் விடை வேதிவினைகளின் வேகத்தில் இருக்கிறது.

முற்றிய மாங்காய்க்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கும். காம்பைக் கிள்ளியவுடன் மரத்தோடு தொடர்பு அறுந்தாலும் காய் உயிரோடுதான் இருக்கிறது. ஆக்சிஜனை உள்வாங்கிக் கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன, புளிப்பைத் தரும் அமிலங்கள் குறைகின்றன, தோலின் பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிகிறது, செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்து சதை இளகுகிறது. மாம்பழம், வாழைப்பழம் போன்றவற்றில் பழுக்கும் கட்டத்தில் சுவாசம் திடீரென்று உச்சத்துக்கு ஏறி இறங்கும். ஆப்பிளில் இந்த ஏற்றத்தை முறையாக அளந்து பெயரிட்டவர்கள் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த கிட், வெஸ்ட் என்ற இருவர். காலம் 1920-களின் நடுப்பகுதி. பழுத்தல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் ஓடுவது ஒன்றோடொன்று பின்னிய பல வினைகள். ஒவ்வொன்றுக்கும் தனி வேகம் உண்டு. வெப்பம் கூடும்போது எல்லாம் வேகமெடுக்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. இந்தத் தொழிலின் சிக்கல், சாமர்த்தியம் இரண்டுமே இந்த வித்தியாசத்தில் பிறந்தவை.

பழுக்க வைக்கும் பழைய முறைகள் எல்லாம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் முறைகளே. வீட்டில் நாலு காய் என்றால் அரிசிப் பானையில் புதைப்பார்கள். தோப்புக்காரரும் வியாபாரியும் இருட்டறையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஒரு வரிசை காய், மறுபடி வைக்கோல் என்று அடுக்கி மூடுவார்கள். காய்கள் விடும் மூச்சின் வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கும். வெப்பம் ஏற ஏறச் சுவாசம் கூடும்; சுவாசம் கூடினால் வெப்பம் இன்னும் ஏறும். அதனால்தான் அடுக்கின் நடுவில் உள்ளவை முதலில் பழுக்கும், ஓரத்தில் உள்ளவை பிந்தும். இரண்டு நாளைக்கு ஒரு முறை வைக்கோலை விலக்கிப் பார்த்து, பழுத்ததைப் பொறுக்கி, செங்காயை மறுபடி மூடுவது அனுபவசாலியின் வேலை. அவர் கையை உள்ளே விட்டதும் சூட்டை வைத்தே எத்தனை நாள் பாக்கி என்று சொல்லிவிடுவார். அடுக்கு உயரமாகிவிட்டால் நடுவில் உள்ள காய் வெந்ததுபோல் ஆகி, தோல் சரியாக நிறம் மாறாமல் சதை மட்டும் குழைந்து, புளித்த வாடை அடிக்கும். வெம்பிப்போனது என்று ஒதுக்குவார்கள்.

வெம்பலுக்குக் காரணம் நொதிகளின் இயல்பு. சாதாரண வேதிவினை வெப்பம் ஏற ஏற வேகமெடுத்துக்கொண்டே போகும். நொதி செய்விக்கும் வினை ஓரளவு வரைதான் அப்படிப் போகும். நொதி ஒரு புரதம். அதன் மடிப்புகள் குலைந்தால் வேலை நின்றுவிடும். மாங்காய் நன்றாகப் பழுக்க ஏற்றது 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் வேகம் கிடைக்கும், ருசி குறையும். 35-க்கு மேல் பழுத்தலைத் தூண்டும் எத்திலீன் உற்பத்தியே தடைபடுவதால், பழுத்தலின் ஒரு பகுதி நடக்கும், மறுபகுதி நடக்காது. மே மாதத்தில் கிருஷ்ணகிரியின் பகல் வெப்பம் பல நாள் 38-ஐத் தாண்டுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தகரக் கொட்டகைக்குள் குவித்த காய் என்ன பாடுபடும் என்பது விளங்கும்.

வினைவேகத்தை முதன்முதலில் எண்ணிக்கையில் அளந்தவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. 1850-இல் அவர் எடுத்துக்கொண்டது கரும்புச் சர்க்கரையை. அமிலம் கலந்த நீரில் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். அப்போது கரைசல் ஒளியைத் திருப்பும் கோணம் மாறும். கரைசலைத் தொந்தரவு செய்யாமல் வெளியிலிருந்து அந்தக் கோணத்தை மட்டும் பார்த்து வினை எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்று கணக்கிட்டார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1884-இல் டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் வேதி இயக்கவியல் பற்றி எழுதிய நூலில் வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் இவருக்குத்தான் கிடைத்தது. 1889-இல் சுவீடனின் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் மறுபடி அதே சர்க்கரை வினையை எடுத்து, அந்தத் தொடர்புக்கு இன்றுவரை நிற்கும் விளக்கத்தைக் கொடுத்தார்.

அந்த விளக்கம் எளிது, ஆனால் முதலில் வியப்பாக இருக்கும். வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி அடிக்கடி மோதுகின்றன, அதனால் வினை வேகமாகிறது என்று பள்ளியில் சொல்வது பாதிதான் சரி. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் கூடுவது வெறும் 1.7 சதவீதம். ஆனால் பல வினைகளின் வேகம் இரண்டு மடங்காகிறது. இத்தனை பெரிய வித்தியாசத்தை மோதல் எண்ணிக்கை விளக்காது. மோதும் மூலக்கூறுகள் எல்லாமே வினைபுரிவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆற்றல் உள்ளவை மட்டுமே பழைய பிணைப்பை அறுத்துப் புதியதைக் கட்ட முடியும். அந்தக் குறைந்தபட்ச அளவைக் கிளர்வு ஆற்றல் என்கிறார்கள். சாதாரண வெப்பத்தில் அந்த வரம்பைத் தாண்டும் மூலக்கூறுகள் மிகச் சிலவே. வெப்பம் கொஞ்சம் கூடினாலும் சராசரி அதிகம் நகராது, வரம்பைத் தாண்டும் அந்தச் சிறுபான்மையின் எண்ணிக்கை வெகுவாகக் கூடும்.

கிளர்வு ஆற்றல் மோலுக்கு 53 கிலோஜூல் அளவில் உள்ள வினைக்கு, 25 டிகிரியிலிருந்து 10 டிகிரி ஏறினால் வேகம் சரியாக இரட்டிப்பாகும். பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அது விதி அல்ல, ஒரு சராசரி. கிளர்வு ஆற்றல் அதிகமாக உள்ள வினை வெப்பத்துக்கு அதிகம் துள்ளும், குறைவாக உள்ளது அவ்வளவாக அசையாது. மாங்காயின் சுவாசமும் ஏறக்குறைய இந்த இரட்டிப்புக் கணக்கில்தான் போகிறது. 33 டிகிரியில் ஐந்து நாளில் பழுத்துவிடும் காயை 13 டிகிரியில் வைத்தால் வேகம் நாலில் ஒன்றாகும். மூன்று வாரத்துக்குக் கிட்டத்தட்டத் தாங்கும். குளிர்க்கிடங்குகளில் மாம்பழத்தை 12, 13 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வைப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அதற்குக் கீழே இறக்கினால் இன்னும் தாங்கும் என்று நினைத்து ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வெப்பமண்டலக் கனியான மாங்காய் குளிர் தாங்காமல் தோல் கறுத்துப் பழுக்கும் திறனையே இழந்துவிடும்.

வெப்பம் ஒன்றே காரணம் என்று நம்பி அமெரிக்காவில் ஒரு தொழிலே தடுமாறிய கதை இங்கே சொல்லத்தக்கது. கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சைகளை மூடிய அறையில் வைத்து மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டி மஞ்சளாக்குவார்கள். அடுப்பின் சூடுதான் நிறம் மாற்றுகிறது என்று எண்ணி, புகையில்லாத வேறு வெப்ப அமைப்புக்கு மாறியபோது காய் பச்சையாகவே கிடந்தது. மண்ணெண்ணெய் அரைகுறையாக எரியும்போது வரும் எத்திலீன்தான் வேலை செய்தது என்று 1924-இல் டென்னி என்ற ஆய்வாளர் நிறுவினார். அதற்கு முன்பே, 1901-இல், ரஷ்யாவின் நெல்யுபோவ் விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன் பட்டாணி நாற்றுகளை வளைத்து வளரச் செய்வதைக் கண்டிருந்தார். பழங்களே எத்திலீனை உண்டாக்குகின்றன என்பது 1934-இல் கேன் என்பவரின் ஆய்வில் உறுதியானது. வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடும் நம் ஊர் வழக்கத்திலும் சூட்டோடு சேர்ந்து இந்த வாயுவும் பணியாற்றுகிறது. வெப்பம் வினையின் வேகத்தைக் கூட்டுகிறது, எத்திலீன் அந்த வினைகளைத் தொடங்கி வைக்கிறது. இரண்டும் வேறு வேலை.

இந்த இரண்டையும் ஒரே பொட்டலத்தில் தந்ததால்தான் கார்பைடு கல் மண்டிகளுக்குள் அவ்வளவு எளிதில் நுழைந்தது. கால்சியம் கார்பைடை மின்னுலையில் மலிவாகச் செய்யும் வழி 1892-இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சனுக்குக் கிடைத்தது. பிரான்சில் முவாசானும் அதே காலத்தில் கண்டார். சைக்கிள் விளக்கு, சுரங்க விளக்கு, வெல்டிங் என்று பரவிய கல் இது. ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயுவை விடும், கூடவே நிறைய வெப்பத்தையும் விடும். அசிட்டிலீன் எத்திலீனைப்போல் ஓரளவு நடிக்கும். வெளிவரும் சூடு மற்ற வினைகளை விரட்டும். காகிதத்தில் மடித்த ஒரு துண்டு கல்லை டிரேயின் நடுவில் செருகினால் காய் விடும் ஈரமே போதும். தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே சதை காய்ப்பதத்திலேயே இருக்கும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் அது உடலுக்குக் கேடு. பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளே இதைத் தடுத்தன. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அந்தத் தடையைத் தொடர்ந்தன. மாற்றாக எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதித்தது. குளிரூட்டிய அறையில் வெப்பத்தைத் தனியாகவும் வாயுவைத் தனியாகவும் கட்டுப்படுத்தும் வசதி இதில்தான் கிடைக்கிறது. சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கல் மறைவதைப் பார்த்தால், சட்டத்தைவிட அறை கட்டும் செலவுதான் பெரிய தடை என்று தோன்றுகிறது.

கிருஷ்ணகிரி வட்டாரத்தின் விளைச்சலில் பெரும்பகுதி பழமாகக் கடைக்குப் போவதில்லை. தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் அழைக்கப்படும் ரகம், கூழுக்கென்றே பயிராகிறது. சதைப்பிடிப்பு அதிகம், நார் குறைவு, விலை மலிவு. பழத்தைப் பாதுகாத்து அடைக்கும் தொழிலுக்கு இந்தியாவில் 1955-இன் பழப்பொருள் ஆணை சட்ட வரையறை கொடுத்தது. 1950-இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அதற்கு அறிவியல் பக்கபலமாக இருந்தது. மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் பெருகியது கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். அதற்கு ஒரு காரணம் 1976-இல் மாஸா, 1985-இல் ஃப்ரூட்டி என்று வரிசையாக வந்த மாம்பழ பானங்கள். மற்றொரு காரணம் வளைகுடா, ஐரோப்பிய நாடுகளுக்கான ஏற்றுமதி.

சூடாக்கி அடைத்தால் உணவு கெடாது என்பதைக் கண்டவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். பாஸ்டருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர், நுண்ணுயிரைப் பற்றி ஒன்றும் அறியாதவர். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிநீரில் வைக்கும் முறைக்காக பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. 1810-இல் அவர் நூலை வெளியிட்டார். கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் போகாததால் இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஐந்தாறு மணி நேரம் பிடித்தது. 1860-களின் தொடக்கத்தில் பால்டிமோரில் ஐசக் சாலமன் என்பவர் தண்ணீரில் கால்சியம் குளோரைடைக் கரைத்துக் கொதிநிலையை 115 டிகிரி அளவுக்கு உயர்த்தினார். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. வெப்பம் கூடியது 15 டிகிரிதான். நேரம் குறைந்தது பத்து மடங்குக்கு மேல். தொழில் உலகம் அர்ஹீனியஸுக்கு முன்பே அவரது சமன்பாட்டின் பலனை அனுபவித்த கதை இது. 1874-இல் ஆவி அழுத்தக் கலன் வந்த பிறகு உப்புக் கரைசலும் தேவைப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிகலோ, பால் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கணக்காக்கினார்கள். ஒரு வெப்பநிலையில் நுண்ணுயிர்களில் பத்தில் ஒன்பது பங்கு சாக ஆகும் நேரம் ஓர் அளவு. அந்த நேரம் பத்தில் ஒன்றாகக் குறைய எத்தனை டிகிரி கூட்ட வேண்டும் என்பது இன்னோர் அளவு. உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகளுக்கு இரண்டாம் அளவு சுமார் 10 டிகிரி. சாதாரண வினை பத்து டிகிரிக்கு இரட்டிக்கும்போது, இந்தச் சாவு பத்து மடங்காகிறது. புரதம் குலைவதன் கிளர்வு ஆற்றல் மிக உயரமானது என்பதே காரணம்.

மாங்கூழுக்கு ஒரு சலுகை உண்டு. அமிலத்தன்மை pH 4.6-க்குக் கீழே இருந்தால் அந்த வித்துகள் முளைக்க முடியாது. மாங்கூழின் இயல்பான அளவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான். போதாவிட்டால் சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆகவே ஈஸ்ட், பூஞ்சை, அமிலம் தாங்கும் பாக்டீரியா ஆகியவற்றை ஒழித்தால் போதும். கொதிநீர்ச் சூடே அதற்குப் போதுமானது. அழுத்தக் கலன் இல்லாத சிறு ஆலைகளும் இந்தத் தொழிலில் இறங்க முடிந்ததற்கு மாம்பழத்தின் புளிப்புதான் காரணம் என்று சொன்னால் மிகையில்லை.

கொதிநீர் என்றாலும் எந்த ஊர்க் கொதிநீர் என்று கேட்க வேண்டும். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் கிருஷ்ணகிரியில் திறந்த அண்டாவில் நீர் 98 டிகிரியை ஒட்டியும் ஓசூரில் 97-ஐ ஒட்டியும் கொதித்துவிடும். பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில், சென்னையில் பத்து நிமிடத்தில் நடக்கும் கிருமிநீக்கத்துக்குக் கிருஷ்ணகிரியில் பதினைந்து நிமிடமும் ஓசூரில் இருபது நிமிடமும் பிடிக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் கொதிக்கும் நீரின் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. ஓசூர்ச் சமையலறையில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக அடம்பிடிப்பதும் இதனால்தான்.

ஆலைக்குள் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். லாரியிலிருந்து இறங்கிய காயை நிழலான கொட்டகையில் டிரேக்களில் அடுக்கி மூன்று நான்கு நாள் பழுக்கப் போடுகிறார்கள். பழுத்ததைத் தொட்டியில் கழுவி, பெல்ட்டின் இருபுறமும் நிற்கும் பெண்கள் அழுகல் பட்ட இடத்தை வெட்டி எறிகிறார்கள். சுழலும் துடுப்புகள் சதையைச் சல்லடையில் தேய்த்துக் கொட்டையையும் தோலையும் ஒதுக்கித் தள்ளுகின்றன. இந்த இடத்தில் அவசரம் தொடங்குகிறது. சதை கிழிந்து காற்றுப் பட்டதும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி கூழைப் பழுப்பாக்க ஆரம்பிக்கிறது. இளஞ்சூட்டில் அது இன்னும் சுறுசுறுப்பாகும். ஆகவே கூழைத் தயங்கித் தயங்கிச் சூடாக்கினால் கெடுதல். குழாய்களின் வழியே ஓட்டி ஒரே மூச்சில் 85, 90 டிகிரிக்குக் கொண்டுபோனால் நொதி குலைந்து அடங்கிவிடுகிறது.

சூடான கூழை 3.1 கிலோ பிடிக்கும் டின்னில் நிரப்பி, மூடி, கொதிநீரில் இறக்கி எடுத்ததும் குளிர்நீரில் தள்ளுகிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இந்தக் குளிர்விப்பு வீண்வேலையாகத் தோன்றும். கிருமி செத்துவிட்டது, இனி தானாக ஆறட்டுமே என்பார்கள். சூட்டோடு நெருக்கி அடுக்கிய டின்களின் நடுவில் வெப்பம் பல நாள் தங்கும். அத்தனை நேரமும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறத்தைக் கறுக்க வைக்கும். அடுக்கின் நடுவிலிருந்து எடுத்த டின்னைத் திறந்தால் பொன்மஞ்சளுக்குப் பதிலாகக் காவிப் பழுப்பில் கருகல் வாடையோடு கூழ் இருக்கும். வைக்கோல் அடுக்கின் நடுவில் காய் வெம்பியதற்கும் இதற்கும் வினைகள் வேறு, பௌதிகம் ஒன்றே. கிடங்கில் வைத்த பிறகும் வினைகள் நிற்பதில்லை, மெதுவாகின்றன. வில்ஹெல்மி 1850-இல் பார்த்த அதே சர்க்கரைப் பிரிவு, மாங்கூழின் அமிலத்தில் டின்னுக்குள்ளேயே மாதக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். வெயில் காய்ந்த தகரக் கூரைக்கடியில் அது வேகமாகவும், குளிர்ந்த கிடங்கில் மெதுவாகவும் நடக்கும்.

டின்னின் குறை, அதன் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேர நேரமாகிறது என்பது. நடுவில் உள்ள கூழ் வேகும்வரை விளிம்பில் உள்ளது அளவுக்கு மேல் வெந்துவிடும். இதற்கு மாற்றுதான் கூழைத் தனியாகவும் கொள்கலத்தைத் தனியாகவும் கிருமிநீக்கம் செய்து, கிருமியற்ற சூழலில் நிரப்பும் முறை. பாலில் டெட்ரா பேக் நிறுவனம் 1961-இல் இதைச் செய்துகாட்டியது. பழக்கூழைப் பேரளவில் இப்படிச் சேமிக்கவும் கொண்டுபோகவும் வழிசெய்த அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் நெல்சனுக்கு 2007-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இன்று கிருஷ்ணகிரியிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் 215 கிலோ டிரம்களின் உள்ளே இருக்கும் பை அந்த முறையில் நிரப்பியது.

இந்த முறை ஜெயித்ததற்குக் காரணம் வினைகளின் வேகம் ஒரே அளவில் கூடுவதில்லை என்ற பழைய உண்மைதான். கிருமி சாவது 10 டிகிரிக்குப் பத்து மடங்கு வேகமாகும் என்றும், நிறமும் வைட்டமினும் கெடுவது பத்து மடங்காக 30 டிகிரி வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மை அளவுகள் இவற்றை ஒட்டியே வருகின்றன. 95 டிகிரியிலிருந்து 110-க்கு ஏற்றினால் கிருமி 32 மடங்கு வேகமாகச் சாகும். ஆகவே சூடாக்கும் நேரத்தை 32-இல் ஒரு பங்காக்கலாம். அதே ஏற்றத்தில் நிறம் கெடும் வேகம் மூன்று மடங்குதான் கூடுகிறது. நேரம் 32-இல் ஒன்று, வேகம் மூன்று மடங்கு என்றால் மொத்தச் சேதம் பழையதில் பத்தில் ஒரு பங்கு. அதிகச் சூடு கொடுத்தால் பழம் கெடும் என்பது பொதுப்புத்தி. அதிகச் சூட்டைச் சில விநாடி கொடுத்து உடனே ஆற்றினால் பழம் குறைவாகவே கெடும் என்பது அளவெடுத்துப் பார்த்தபின் தெரிந்தது.

முழுப்பழமாக வெளிநாடு போகும் ரகங்களிலும் இதே வித்தியாசத்தை வைத்துத்தான் பிழைப்பு. பழ ஈக்குப் பயந்து 1986-இல் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்ட ஜப்பான், 2006-இல் அதை விலக்கியது. விதித்த நிபந்தனை, பழத்தை ஈரமான வெப்பக் காற்றில் 47.5 டிகிரிக்குக் கொண்டுபோய் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது. ஈயின் முட்டையும் புழுவும் அந்தச் சூட்டில் பிழைக்காது, பழம் பிழைத்துக்கொள்ளும். இரண்டு டிகிரி கூடினால் பழமும் வெந்துவிடும், இரண்டு டிகிரி குறைந்தால் முட்டை தப்பிவிடும். வெப்பமானி துல்லியமாக இல்லாத அறையில் செய்யக்கூடிய வேலை அல்ல.

வினைவேகத்தின் கணக்கு ஆய்வகத்தோடும் ஆலையோடும் நிற்பதில்லை, மண்டி விலையிலும் புகுந்துகொள்கிறது. பறித்த தோத்தாபுரி ஜூன் மாதச் சூட்டில் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் லாரியின் அடித்தட்டில் அதைவிடக் குறைவு. மேலே அழுத்தும் பாரமும் கீழே சேரும் சூடும் சேர்ந்து காயைக் குழைத்துவிடும். நாளைக்கு வா என்று ஆலை சொன்னால் விவசாயிக்கு எடையிலும் தரத்திலும் நட்டம். ஆலைக்கு ஒன்றும் குறையாது. அவர்களிடம் உள்ள கூழ் கிருமியற்ற பையில் ஒன்றரை இரண்டு வருஷம் காத்திருக்கும். பேரத்தில் ஒரு தரப்பின் சரக்கு நாலு நாளிலும் மறு தரப்பின் சரக்கு இரண்டு வருஷத்திலும் கெடுமானால் விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

2025-இல் இது எல்லை தாண்டிய தகராறாகவே வெடித்தது. விளைச்சல் கூடி, ஆலைகளில் பழைய கூழ் தேங்கி, தோத்தாபுரி விலை கிலோ சில ரூபாய்க்குச் சரிந்தது. ஆந்திர அரசு தன் விவசாயிகளுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 4 ரூபாயைத் தானே ஏற்றது. சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று ஜூன் மாதம் உத்தரவிட்டது. கோலார் பக்க விவசாயிகளுக்காகக் கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார். வேப்பனப்பள்ளியைச் சுற்றியுள்ள தோப்புகளுக்குச் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கத்து ஊர். எல்லை அடைபட்டால் காய்க்குப் போக இடம் குறைகிறது, பழுப்பது மட்டும் நிற்பதில்லை.

குளிர்க்கிடங்கு கட்டினால் தீரும் என்ற யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. நல்ல விலை போகும் அல்போன்சாவுக்கும் மல்கோவாவுக்கும் அது கட்டுப்படியாகலாம். கிலோ பத்து ரூபாய்க்கும் கீழே போகும் தோத்தாபுரியை 13 டிகிரியில் மூன்று வாரம் வைத்திருக்கும் மின்சாரச் செலவு, காயின் விலையைத் தின்றுவிடும். அந்தக் காய்க்கு மலிவான பாதுகாப்பு சூடுதான்: சில விநாடி 110 டிகிரி, பிறகு கிருமியற்ற பை. கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் அரசுத் துறையிலோ கூட்டுறவிலோ ஒரு மாங்கூழ் ஆலை வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். வேதியியல் கணக்குப்படி பார்த்தாலும் குளிர்க்கிடங்கைவிட அந்தக் கோரிக்கைதான் பொருத்தமானது.